ஒன்பதரை மணிக் கீரி

இன்று கேன்டீனில் பூண்டுக் குழம்பு. வியாழக்கிழமை என்றால் அதுதான் என்று தெரிந்திருந்தும், ஆடிட் பேப்பர் யோசனையில் மறந்துபோய் வரிசையில் நின்றுவிட்டேன். அண்டாவின் மூடியைத் திறந்ததும் வாசனை முகத்தில் அறைந்தது. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து, பைக் ஸ்டாண்டின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பரிமாறுகிற அக்கா பின்னாலேயே வந்து, "இன்னா சார், மயக்கமா வருதா? மோர் கொண்டாரட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "குழம்பப் பாத்து ஓடுற மொத ஆளு நீதான்டா மச்சான்" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பாய். எலி வளைக்குள் போடுகிற விஷ மாத்திரை ஈரத்தில் கரையும்போது இதே பூண்டு வாடைதான் வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வருடமாக என் வீட்டுச் சமையலில் பூண்டு கிடையாது. ஏதோ வேண்டுதல் என்று சரோஜா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேண்டுதலாம், எனக்கு!

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லாத ஒன்றை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஆள் இல்லாதபோது பேச எனக்கு நன்றாகவே வருகிறது.

ஊருக்கு நாம் மருந்தடிக்கிறவர்கள். கம்பெனிக்கு பெஸ்ட் கன்ட்ரோல். நீ மட்டும் நேராகச் சொல்வாய், "நாம எலிக்காரனுங்கடா" என்று. கார்களுக்கு வயர்க் கட்டுகள் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் நாம் இருவரும் கான்ட்ராக்ட் ஆட்களாகச் சேர்ந்து திரிந்தோம். எலி ஒரு வயரைக் கடித்தால் போதும், லைன் நிற்கும், மொத்தப் பேரும் நம் தலையில் விழுவார்கள். என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அதனால் எனக்குக் கூடியது ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற வேலைதான்.

நான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்து ஆள். நீ பிள்ளைப்பாக்கம். உங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது நீலத் தகரக் கொட்டகை நிற்கிறது. அதைப் பற்றி நீ புலம்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது பேச்செடுத்தால், "அந்த வெயில்ல எவன் நாத்து நடுவான், போய்யா" என்று முடித்துவிடுவாய். உனக்கு மண்மீது பாசமெல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் மண்ணில் ஒரு ஓட்டை தெரிந்தால் போதும், அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாய்.

வளையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க நமக்கு ஒரு வழி இருந்தது. வளை வாயில் சாயங்காலம் கோலமாவைத் தூவிச் சமமாகத் தடவிவிடுவோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் ஏறும்போது, போய்ப் பார்ப்போம். பெருச்சாளி இருந்தால் இரவெல்லாம் போய் வந்து மாவைக் கலைத்திருக்கும். பார்த்ததும் மாவைப் பெருக்கிவிடுவோம், பகலில் ஆட்கள் நடமாடினால் தடம் குழம்பிப்போகும் என்பதற்காக. இரண்டு நாள் தொடர்ந்து தடம் இல்லையென்றால் வளை காலி. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கிற எலிக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பின்சுவர்ப் பக்கம் நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். நீ அங்கேதானே குடியிருந்தாய். மழைநீர் வாய்க்காலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில், கட்டிடம் கட்டியபோது கொட்டிய மண்மேடு. அதன்மேல் சீமைக்கருவேலம். காலை ஒன்பதேகாலுக்கு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் நீ உட்காருவாய். பக்கத்தில் நான். "சுவத்துல வெயில் எறங்கட்டும் இரு. அப்பத்தான் தொரசாணி எழுந்திரிப்பா" என்பாய்.

அங்கே வளையில் இருந்த பெண் கீரிக்கு நீ வைத்த பேர் அது. அவளும் ஒன்பதரைக்குச் சரியாக வருவாள். முதலில் இளஞ்சிவப்பு மூக்கு. அது காற்றை நாலாப் பக்கமும் மோந்து பார்க்கும். அப்புறம் தலை, அப்புறம் பாதி உடம்பு, அப்படியே ஒரு நிமிடம். பிறகு முழுசாக வெளியே வந்து, பின்னங்காலில் நிமிர்ந்து, முன்கைகளை நெஞ்சுக்கு முன்னால் தொங்கவிட்டு, சூப்பர்வைசர் லைனைப் பார்க்கிற மாதிரி சுற்றிலும் பார்ப்பாள். பூனையில் பாதிதான் இருப்பாள், வால் மட்டும் உடம்பு நீளத்துக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். சுவரோரக் கருவேல முள்ளில் சிக்கியிருந்த ஒரு மயிரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "பாரு, வெள்ள, கறுப்பு, வெள்ள, கறுப்புன்னு பட்ட பட்டையா கீது. இதுக்குத்தான் புடிக்குறானுங்க, பெயின்ட் பிரஷ் செய்ய. புடிச்சா ஜெயிலு" என்று நீ காட்டினாய்.

வெட்டவெளியில் அவள் ஒருநாளும் குறுக்கே போனதில்லை. சுவரோரமாகவே வயிறு தரையில் படுகிற மாதிரி ஓடுவாள். ஒருமுறை ஆள்காட்டிக் குருவியின் முட்டை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். முன்கையில் பிடித்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, காலுக்கு நடுவில் பின்னால் வீசி அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது. நீ டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாய், அவள் முட்டையை விட்டுவிட்டு வளைக்குள் ஓடிவிட்டாள். அன்றைக்கு முழுக்க உன்னையே நீ திட்டிக்கொண்டிருந்தாய்.

உச்சிப் பகலில் ஏசி குழாய்த் தண்ணீர் சொட்டுகிற ஈர மண்ணில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்வாள். சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் உள்ளே போய்விடுவாள். காம்பவுண்டு விளக்கு எரிந்த பிறகு அவளை நாம் வெளியில் பார்த்ததே இல்லை. கீரி பாம்போடு சண்டை போட்டுவிட்டு மூலிகை தின்னும் என்று நான் சொன்னபோது, "மூலிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மயிரச் சிலுப்பிக்கினு ரெண்டு பங்கா நிக்கும். பாம்பு மயிரத்தான் கடிக்கும். அதுக்குள்ள இது மண்டையப் புடிச்சிடும்" என்றாய். வளையைக் கூட அவள் தோண்டவில்லையாம். "பெருச்சாளியத் தின்னுட்டு அது வூட்டுலயே குடி போயிட்டா. வாடக கேக்க எவன் வருவான்?"

இதையெல்லாம் எங்கிருந்து கற்றாய் என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். "கண்ணு இல்ல உனக்கு? எதிர்லதான கீது" என்பாய். உண்மைதான். உன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கும் தெரிந்தது. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

அவளுடைய ஆண் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தது நான்தான். வாயில் ரத்தம், உடம்பில் ஒரு காயமும் இல்லை. நீ பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்தாய். நம் விஷக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் பகலிலும் தள்ளாடிக்கொண்டு திரியும். கீரிக்கு அதைப் பிடிப்பது ரொம்பச் சுலபம். "நாம வெச்சதுதான்டா" என்றாய். அன்றைக்கே பின்சுவரோரம் எலிக்கு வைத்திருந்த ஆறு பெட்டிகளிலும் விஷக் கட்டியை எடுத்துவிட்டாய். ரெஜிஸ்டரில் மட்டும் வாராவாரம் 'கட்டி மாற்றப்பட்டது' என்று எழுதினாய். நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் எலியும் வரவில்லை. எல்லாவற்றையும் தொரசாணி பார்த்துக்கொண்டாள். மேனேஜர் மீட்டிங்கில் நம்மைப் பாராட்டினார், கைகூடத் தட்டினார்கள்.

அந்த வருடம் அவள் வயிறு பெருத்தது. பிறகு ஒருநாள் இளைத்து வந்தாள், காம்பு தொங்கியது. பிடித்த எலியை வெளியில் தின்னாமல் முழுசாக வளைக்குள் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தாள். நீ விரல் விட்டு எண்ணினாய். "இன்னும் மூணு வாரம். குட்டிங்க பின்னாடியே வரிசயா வரும் பாரு. ஒண்ணு வாலுகிட்ட ஒண்ணு மூக்க வெச்சிக்கினு. தூரத்துலேந்து பாத்தா நீளமா ஒரு பாம்பு போற மாதிரியே இருக்கும்." பிள்ளை இல்லாத உனக்கும் தேவகிக்கும் அது எப்படி இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. உன் பெண்டாட்டி தினமும் போனில், "வெளிய வந்துச்சா?" என்று கேட்டாளாம்.

அந்த மூன்று வாரத்துக்கு நடுவில்தான் ஆடிட் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. வயர் வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆடிட்டர் பின்சுவர் வரைக்கும் நடந்து வருவார் என்று யார் கண்டது! பதினான்காம் எண் பெட்டியைத் திறந்தார். சிலந்தி வலைதான் இருந்தது. குனிந்து சுவருக்கு அடியில் பார்த்தார். நான்கு வளைகள். மேனேஜர் முகம் செத்துவிட்டது. ஆடிட்டர் போனதும் நம்மைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியே என் முழங்கையை இறுக்கிப் பிடித்து நீ சொன்னாய், "நீ தெரியாதுன்னு சொல்லிடு. ரெண்டு பேரும் போனா தொரசாணிக்கு ஆள் இல்ல."

"என்னப்பா இது? பாக்ஸ் காலி, சுவத்துக்கு அடியில ஓட்ட. ஆடிட்டர் முன்னாடி என்ன நிக்க வெச்சிட்டீங்களே! யாரு பண்ணது?"

"நான்தான் சார்" என்றாய்.

"சூப்பர்வைசர், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன். சொல்லிக்கொடுத்தது நீதான், ஆனாலும் என் வாயிலிருந்து அது அவ்வளவு சரளமாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டில் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "வளைய மட்டும் பாத்துக்க. மூடுன்னு சொன்னா மாவு போட்டுப் பாரு. தடம் இருந்தா அவங்ககிட்ட காட்டு. கீரின்னா சட்டம் கீது, அவங்களே பயந்து நிறுத்திடுவாங்க. இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப்போனா போதும்." உன் கையைப் பிடித்து, சத்தியமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாய்.

வெள்ளிக்கிழமைக்குள் வளைகளை மூடி ஆடிட்டருக்கு போட்டோ அனுப்ப வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்கு வாயிலும் மாவு போட்டேன். புதன் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பெருக்கிவிட்டேன். சாயங்காலம் மறுபடி போட்டேன். வியாழன் காலை ஆறு மணிக்கும் தடம் இல்லை. ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், 'வளை 1 முதல் 4 வரை: தடம் இல்லை' என்று. மேனேஜர் அதில் 'வளை'க்கு முன்னால் 'பெருச்சாளி' என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். அந்த இரண்டு நாளும் ஒன்பதரைக்கு நான் பின்சுவர்ப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். எலிக்காரனுக்கு என்ன பெரிய வேலை!

மருந்து அலமாரிச் சாவி மேனேஜரிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை அவர் வந்து திறந்து கொடுக்கப் பத்து மணி ஆகிவிட்டது. முகமூடி போட்டுக்கொண்டு வளைவளையாக மருந்து போட்டேன். மண்ணைக் குழைத்து வாயை அடைத்தேன். மேனேஜர் தள்ளி நின்று போனில் படம் எடுத்தார். "ஓகே, சூப்பர்" என்றார்.

சனிக்கிழமை நீ வேலைக்குத் திரும்பினாய். கேட்டில் கார்டைத் திருப்பித் தர ஒன்பதரை ஆக்கிவிட்டார்கள். கையெழுத்துகூடப் போடாமல் நேராகப் பின்சுவருக்குப் போயிருக்கிறாய். நான் செய்தி கேட்டு ஓடி வந்தபோது ஒன்பதே முக்கால். தொரசாணி அங்கே இருந்தாள். முந்தின நாள் நான் மருந்து போட்டபோது அவள் இரை தேடப் போயிருக்க வேண்டும். காய்ந்துபோன அந்தச் சேற்றை இரண்டு கையாலும் பிறாண்டிக்கொண்டிருந்தாள். ஆள் பக்கத்தில் வந்தும் ஓடவில்லை. மயிரெல்லாம் சிலிர்த்து நம்மைப் பார்த்துச் சீறினாள், மறுபடி பிறாண்டினாள். நீ கடப்பாறையை எடுத்தபோதுதான் கருவேலத்துக்குள் ஓடினாள்.

"மாஸ்க் இல்லாம தோண்டாதடா, செத்துடுவ" என்று உன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். உதறினாய். மண் இடிந்ததும் பூண்டு வாடை எழும்பியது. கடப்பாறையைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினாய். உள்ளே காய்ந்த புல்லும், பழைய பெருச்சாளி சேர்த்து வைத்த வயர்த் துண்டுகளும், மஞ்சளும் நீலமும் சிவப்புமாக ஒரு மெத்தை. அதன்மேல் மூன்று குட்டிகள். ஒன்றின் வாலோரம் இன்னொன்றின் மூக்கு. கண் திறந்துவிட்ட குட்டிகள்.

நீ மூன்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாய். பிறகு திரும்பாமலே கேட்டாய். "மாவு போட்டியா?"

"போட்டேன்டா. ரெண்டு நாளும் போட்டேன். தடமே இல்ல."

"எத்தினி மணிக்குப் பாத்த?"

"ஆறு மணிக்கு."

"காலையிலயா?"

"காலையில."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய். "ஒம்போதரைக்குத்தான்டா அது வெளியவே வரும். சாயங்காலம் நீ மாவு போடுறதுக்கு முன்னாடியே உள்ள போயிடும். அப்பறம் எப்பிடிடா தடம் வுழும்?" என்றாய். குரலில் கோபமே இல்லை. பிறகு, இத்தனை வருடம் கழித்தும் என் காதை விட்டுப் போகாத அந்தப் பேச்சைச் சொன்னாய். "உன்னச் சொல்லி இன்னா. எலிக்காரன் புத்தி. நானா இருந்தாலும் ஆறு மணிக்குத்தான் பாத்திருப்பேன்."

பொய். நீயாக இருந்தால் ஒன்பதரைக்குப் பார்த்திருப்பாய்.

மூடிய வளையைத் தோண்டியதற்காக அன்றைக்கே உன்னை அனுப்பிவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒரு குடோனில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தாய். அதற்காகவும் நீ என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம், பாவி! காறித் துப்பியிருந்தால் நான் எப்படியாவது பிழைத்திருப்பேன். நீயோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வந்தாய். "சரோஜா, உன் வூட்டுக்காரனுக்கு மணி பாக்கத் தெரியாது, ஒரு நல்ல வாச்சு வாங்கிக் குடு" என்று சொல்லிச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உன் மன்னிப்பை நான் கேட்கவே இல்லை. கேட்காமலே கொடுத்துவிட்டாய், அதுவும் செய்யாத தப்புக்கு.

ஆமாம். செய்யாத தப்புக்கு. அதற்குத்தான் வருகிறேன்.

ஒருமுறை ஏரிக்கரையில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். மதகுப் பக்கம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு அந்த வளையில..." என்று நான் ஆரம்பித்தேன். "வுடுடா அத. எத்தன வாட்டி சொல்றது" என்று என் தோளில் தட்டினாய். விட்டுவிட்டேன். இன்னொரு முறை உன் வீட்டில், தேவகி டீ போட உள்ளே போனபோது வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வந்துவிட்டாள். மூன்றாவது முறை நான் முயற்சிகூடச் செய்யவில்லை. போன மாசியில் நெஞ்சு எரிகிறது என்று நீ சோடா குடித்தாயாம். வாயுப் பிடிப்பு என்று நினைத்துத் தேவகி பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது ஒரு வயதா? பந்தலுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, "உன்னத்தான் நேத்துகூடச் சொல்லிகினு இருந்தாரு அண்ணா" என்று தேவகி அழுதாள். என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சொல்கிறேன், கேள்.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று வளைகளை முடித்துவிட்டு நான்காவதுக்கு வந்தேன். ஏசி தண்ணீர் சொட்டுகிற பக்கத்து வளை அது. மண் ஈரமாக இருந்தது. குனிந்தேன். வாயின் விளிம்பில் ஒரு தடம் இருந்தது. புதுசு, ஓரம்கூட உதிரவில்லை. எலிக்கு நகக்குறி விரலை ஒட்டியே இருக்கும், கீரிக்கு நகம் நீளம், விரலை விட்டுத் தள்ளி முன்னால் குத்தியிருக்கும் என்று நீ எனக்கு எத்தனை முறை காட்டியிருப்பாய்! தள்ளித்தான் குத்தியிருந்தது. உள்ளே போன தடம் இல்லை, வெளியே வந்த தடம். அன்றைக்கு ஒன்பதரைக்கு வந்தது.

மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னப்பா, முடிஞ்சுதா?" என்றார். நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நீ சொன்னபடி அவரும் பயந்திருப்பார், நிறுத்தியிருப்பார். ஆனால் தடத்தைக் காட்டினால், கீரி இருப்பது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்பார். அப்புறம் காலிப் பெட்டியும் தெரியுமா என்று கேட்பார். 'தெரியாது சார்' என்று மூன்று நாளைக்கு முன்னால் சொன்னவன் நான். அவ்வளவுதான் யோசித்தேன். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. பெருச்சாளித் தடம்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அந்தத் தடத்தின்மேல் முட்டியை ஊன்றி, மருந்தைப் போட்டேன்.

நான் மணி பார்க்கத் தெரியாதவன் இல்லை. பதினோரு வருடம் ஒன்பதரைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றவன். ஆறு மணிக்குப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று என் உடம்புக்குத் தெரியும். இருக்கக்கூடாது என்றுதான் ஆறு மணிக்குப் போனேன். அதைக்கூட எலிக்காரன் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம், நீ சொன்ன மாதிரி. அந்தத் தடத்துக்கு என்ன பெயர் சொல்வது?

உன்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகு நாலு நாள் தொரசாணி வந்தாள். அப்போது மட்டும் ஒன்பதரைக்கு நான் தவறாமல் போனேன். நீ தோண்டிய பள்ளத்தை மூடி சிமென்ட் போட்டிருந்தார்கள். அதன்மேல் பிறாண்டிப் பார்த்தாள். நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. இப்போது பின்சுவர்ப் பக்கம் எலி ஏகத்துக்கும் இருக்கிறது. பெட்டிகளை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். போன வாரம் இரண்டு தடவை லைன் நின்றது. மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். வாங்கிக்கொண்டேன், இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாரா என்றிருந்தது.

மூன்று வருடம் தாண்டிய ரெஜிஸ்டர்களைக் கிழித்துப் போடச் சொல்லி நேற்று உத்தரவு வந்தது, அடுத்த ஆடிட்டுக்கு முன்னால். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அதை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குழம்பு வாடை தாங்காமல் இன்று வெளியே ஓடி வந்தபோதும் அது பையில் இருந்தது. பைக் ஸ்டாண்டிலேயே அதைப் பிரித்து, சீட்டின்மேல் வைத்து, என் பழைய எழுத்துக்குக் கீழே எழுதினேன். 'நான்காம் வளை. வெள்ளி, காலை 10.30 மணி. கீரித் தடம் இருந்தது. பார்த்தேன்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. மேனேஜருக்கு இது ஒரு குப்பைத்தாள். தேவகிக்கு இதைக் கொடுக்க நான் இன்னும் அந்த அளவுக்கு ஆளாகவில்லை. மறுபடி மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக்கு இரண்டு கட்டம் உண்டு, உனக்குத் தெரியும். ஒன்று சூப்பர்வைசருக்கு, ஒன்று டெக்னீஷியனுக்கு. சூப்பர்வைசர் கட்டத்தில் நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். உன் கட்டம் அன்றைக்கும் காலி, இன்றைக்கும் காலி.